தோற்றவர் பக்கத்து வரலாறு

தமிழிலக்கியம் வென்றவரை மட்டுமே பாடிய இலக்கியம் அன்று. வெண்ணிப் பறந்தலையில் கரிகாற் பெருவளத்தான் வாகை சூடிய ஞான்று, அவ்வெற்றியைப் பாட வந்த வெண்ணிக் குயத்தியார், புறப்புண் நாணி வடக்கிருந்த சேரமானை வென்றவனினும் மேலோனாக வைத்துப் பாடினார். வென்றவன் முகத்துக்கு நேரேயே பாடினார். பறம்புமலை வீழ்ந்தபின் பாரி மகளிர் பாடிய கையறுநிலை, மூவேந்தரின் வெற்றிச் செய்தியைக் காட்டிலும் நெடுநாள் வாழ்ந்து வருகிறது. உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைபட்டிருக்க, புறத்தே நலங்கிள்ளி முற்றுகையிட்டு நின்ற வேளையில், கோவூர் கிழார் இடைபுகுந்து, இருவரும் ஒரே குடியினர் ஆதலின் எவர் தோற்பினும் தோற்பது அக்குடியே என்னும் பொருள்பட அறிவுறுத்தினார். உறவினர்க்குள் மூளும் போரைப் பற்றித் தமிழில் எழுந்த அறிவுரைகளுள் இதனினும் சிறந்ததொன்றைக் காண்டல் அரிது.

இத்தகைய மரபுடைய தமிழ், 1310ஆம் ஆண்டில் பாண்டிய நாட்டில் மூண்ட உடன்பிறந்தார் போரைக் குறித்து வாய் திறவாது போயிற்று. நமக்குக் கிடைத்துள்ள பேரிலக்கியங்களுள் அப்போரைப் பொருளாகக் கொண்டது ஒன்றும் இல்லை. அப்போரில் நம் கடற்கரையும் தோற்றது. காயலின் வணிகரும் பாண்டியன் ஆட்சியின்கீழ் வாழ்ந்த முஸ்லிம்களும் தோற்றோர் வரிசையில் நின்றனர். இவ்வுண்மையை நாட்டார் மறந்தது ஒருபுறம் இருக்க, நம் சமுதாயமும் மறந்தது. அம்மறதியின் விலையை இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகள் கொடுத்து வருகின்றனர். இதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காயலின் பெருவாழ்வு

நம் மாணவருட் பலர் ஆறுமுகநேரியிலிருந்தும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் வருபவர்கள். ஆறுமுகநேரி என்றதும் உப்பளங்களும், திருநெல்வேலி - திருச்செந்தூர் இருப்புப்பாதையும், தொழிற்சாலைப் புகைபோக்கியுமே பலர் நினைவுக்கு வரும். ஆனால் அவ்வூரை நடுவாக வைத்துச் சுற்றிலும் நோக்கினால், தென்னக வரலாற்றின் ஒரு பெரும்பகுதி கண்முன் விரியும். அணித்தே காயல்பட்டினம், வடக்கே தாமிரபரணியைக் கடந்தால் பழையகாயல், அதற்கும் உட்புறமாகச் சங்கப் புலவர் பாடிய முத்தின் துறையாகிய கொற்கை. ஆறு மண் கொணர்ந்து கொட்டக் கொட்டக் கடல் பின்வாங்கியது. கொற்கையை விட்டுக் கடல் அகன்றபின் காயல் தலையெடுத்தது.

வெனிசு நகரத்து மார்க்கோ போலோ 1292ஆம் ஆண்டளவில் இக்கரைக்கு வந்தவர். காயல் பெரியதொரு நகரம் என்றும், ஹொர்முஸ், கீஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குதிரைகளோடு வரும் மரக்கலங்கள் யாவும் இங்கே தங்கிச் செல்லும் என்றும், இதனை ஆளும் மன்னன் அயல்நாட்டு வணிகரை நேர்மையோடு நடத்துபவன் என்றும் அவர் குறித்துள்ளார். அவர் சுட்டிய காயல், பழையகாயலா, காயல்பட்டினமா என்ற வினா இன்றும் பேசப்படுகிறது. இடையன்குடியில் வாழ்ந்து, 1881ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சரித்திரத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட கால்டுவெல் பெருமகனார் அதனைப் பழையகாயல் என்றே கொண்டார். எவ்வூராயினும் ஆகுக, இக்கரை முழுவதும் ஒரே துறைமுக நாடாக விளங்கிய காலம் அது.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் செய்திகள் இதனினும் விரிவானவை. பாரசீக வளைகுடாவின் துறைகளிலிருந்து ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் குதிரைகள் மஅபருக்கும் பிற இந்தியத் துறைகளுக்கும் ஏற்றுமதியாயின என்கிறார் அவர். மஅபர் என்பது பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு அரபு மக்கள் இட்ட பெயர். கீஷ் தீவின் தலைவராகிய ஜமாலுத்தீன் தம் சொந்தக் குதிரைகளுள் 1,400 குதிரைகளை ஆண்டுதோறும் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் கடலில் இறந்துபட்ட குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுத்தான் என்பது அவ்வொப்பந்தத்தின் சிறப்பு. ஜமாலுத்தீனின் உடன்பிறந்தாராகிய தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டியனின் அமைச்சராகவும் ஆலோசகராகவும் அமர்ந்து, காயல் உள்ளிட்ட துறைகளின் பொறுப்பையும் ஏற்றிருந்தார். சைவம் பேணிய பாண்டியன் அவையில் ஒரு முஸ்லிம் அமைச்சராக வீற்றிருந்தார் என்பதை அக்காலத்தார் ஒரு வியப்பாகவே கருதவில்லை. இன்று நாம் வியக்கிறோம் என்றால், இடையில் ஏதோ ஒன்றை இழந்திருக்கிறோம் என்பதே பொருள்.

உடன்பிறந்தார் போர்

அந்நாளில் பாண்டிய நாட்டை ஆண்ட பேரரசன் மாறவர்மன் குலசேகர பாண்டியன். 1268ஆம் ஆண்டில் அரியணை ஏறியவன். 1279ஆம் ஆண்டளவில் சோழப் பேரரசின் கடைசி மன்னனாகிய மூன்றாம் இராசேந்திரனை ஒடுக்கியவன். ஈழத்தின்மேலும் படை செலுத்தியவன். அவனோடு அரச குடியினர் பலர் நாட்டைப் பகிர்ந்து ஆண்டமையால், ஐந்து உடன்பிறந்தார் ஆளும் நாடு என்று மார்க்கோ போலோ எழுதினார். அவர் சொல்லும் மற்றொரு செய்தி நெஞ்சை உருக்குவது. அவ்வைவரும் தமக்குள் பகைத்துப் போருக்கு எழும்போதெல்லாம் அவர்தம் அன்னை இடையே வந்து நிற்பாளாம். தாம் ஊட்டிய மார்பையே அறுத்துக்கொள்வதாகக் கத்தியை எடுப்பாளாம். மக்கள் அஞ்சிப் பின்வாங்குவராம். அவ்வன்னை மறைந்தபின் இவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வது உறுதி என்றும் அவ்வெனிசு வணிகர் எழுதி வைத்தார்.

அவர் சொன்னவாறே நடந்தது; நடந்தது அடுத்த தலைமுறையில். குலசேகரனுக்குச் சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் என மக்கள் இருவர். சுந்தரன் பட்டத்தரசியின் மகன். வீரன் காமக்கிழத்தியின் மகன். தந்தை வீரனையே தனக்குப்பின் அரசனாக்க விரும்பினான் என்றும், அது பொறாத சுந்தரன் 1310ஆம் ஆண்டில் தந்தையைக் கொன்றான் என்றும் வஸ்ஸாஃப் கூறுகிறார். பின்னர் உடன்பிறந்தார் இருவரும் மோதினர். முதலில் சுந்தரன் கை ஓங்கியது. பின்னர் வீரன் துணைவலி பெற்று வர, சுந்தரன் தோற்று, தில்லி சுல்தான் அலாவுத்தீன் கில்ஜியின் புகலை நாடினான் என்பது வஸ்ஸாஃபின் கூற்று. தந்தைக் கொலையைப் பற்றியும் தில்லியின் உதவியை நாடியது பற்றியும் ஆராய்ச்சியாளர்கள் ஐயம் எழுப்பியுள்ளனர். பேராசிரியர் கிருஷ்ணசாமி ஐயங்கார் 1921ஆம் ஆண்டிலும், பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் 1929ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்களில் இச்சான்றுகளை விரிவாக ஆராய்ந்துள்ளனர். எனினும் தந்தைக்குப்பின் மக்கள் இருவரும் பொருதனர் என்பதிலும், அப்போரே வடபுலப் படைக்கு வாயில் திறந்தது என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை.

போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் இப்போரைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளத் தெற்கே வந்திருந்த சமயத்தில், தில்லிப் படைத்தலைவன் மாலிக் கபூர் அவனது தலைநகராகிய துவாரசமுத்திரத்தை முற்றுகையிட்டான். வல்லாளன் விரைந்து திரும்பிப் பணிந்தான். பணிந்ததோடு அமையாது, பாண்டிய நாட்டுக்கு வழிகாட்டியும் ஆனான். 1311ஆம் ஆண்டின் முற்பகுதியில் அப்படை தமிழகத்திற் புகுந்தது. ஊர்கள் அழிந்தன, கோயில்கள் கொள்ளையுண்டன, மதுரையும் சூறையாடப்பட்டது. ஆனால் வீரபாண்டியனும் பிடிபடவில்லை, சுந்தரபாண்டியனும் பிடிபடவில்லை. ஏப்ரல் இறுதியில் படை வடக்கே திரும்பிற்று. 1279இல் சோழப் பேரரசையே விழுங்கிய பாண்டியப் பேரரசு, 32 ஆண்டுகளில் இந்நிலையை எய்தியது. அடுத்த சில ஆண்டுகளில் வேணாட்டு இரவிவர்மன் குலசேகரன் காஞ்சிவரை வந்து முடி சூடிச் சென்றான். வீட்டார் தம்முள் அடித்துக்கொண்டால் வழியே போவோர் எல்லாரும் உள்ளே நுழைவர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

தோற்ற முஸ்லிம்கள்

இப்போரைப் பற்றிய பாடம் வகுப்பில் நடக்கும்பொழுது என்ன நேர்கிறது என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவோம். மாலிக் கபூர் என்ற பெயர் ஒலித்ததும் சில முகங்கள் முஸ்லிம் மாணவனை நோக்கித் திரும்புகின்றன. அவனும், தன் பாட்டனார் செய்த குற்றம் ஒன்று வெளிப்பட்டாற்போலத் தலை கவிழ்கிறான். அவ்வாறு கவிழ வேண்டிய தேவை இல்லை என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. மாலிக் கபூரின் புகழ் பாடிய அமீர் குஸ்ருவே சொல்லியிருக்கிறார்.

அலாவுத்தீனின் அவைக்களப் புலவராகிய குஸ்ரு, இப்படையெடுப்பைப் பாரசீக உரைநடையில் விரித்து எழுதியவர். வீரபாண்டியனைத் துரத்திச் சென்ற படை, அவன் கீழ் வாழ்ந்த முஸ்லிம்கள் சிலரை வழியில் எதிர்ப்பட்டது. அவர்களை அவர் பாதி இந்துக்கள் என்று இழித்துரைக்கிறார். கொல்லத் தக்கவர்களே எனினும் கலிமா சொல்லத் தெரிந்திருந்தமையால் உயிரோடு விடப்பட்டனர் என்று எழுதுகிறார். இவர்களுள் பாண்டியன் படையில் பணிபுரிந்தோரும் இருந்தனர் என ஆய்வாளர் கருதுவர்.

இச்செய்தியை நிதானமாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். தில்லியிலிருந்து வந்தவர்களின் கண்ணுக்கு இம்மண்ணின் முஸ்லிம்கள் தம்மவராகத் தோன்றவில்லை. அவர்கள் பாண்டியனின் குடிகளாகவே தோன்றினர். அவர்தம் நடையுடை பாவனை அனைத்தும் தமிழ் மண்ணுக்குரியனவாக இருந்தமையால்தான் பாதி இந்துக்கள் என்ற வசை எழுந்தது. கொற்றம் இழந்து ஓடிய பாண்டியனோடு அவர்களும் வாழ்வை இழந்தனர். உயிர்ப் பிச்சை பெற்று நின்ற அவர்களே தோற்றவர்கள். நம் மாணவன் தனக்கு முன்னோரைத் தேட விரும்பினால், வாளோடு வந்தவர்களிடையே அன்று, வாளின்முன் நின்றவர்களிடையே தேடட்டும்.

1318ஆம் ஆண்டளவில் குஸ்ரு கான் என்னும் தில்லித் தளபதி மஅபருக்கு வந்தான். (இவன் வேறு, புலவர் அமீர் குஸ்ரு வேறு.) அப்பொழுது நிகழ்ந்ததொன்றை வரலாற்றாசிரியர் பரனீ குறித்துள்ளார். தகீ கான் என்னும் பெருவணிகர் ஒருவர், வருவது முஸ்லிம் படைதானே என்ற நம்பிக்கையால் ஊரைவிட்டு ஓடாது தங்கினார். அவருடைய பெரும்பொருள் அனைத்தும் பறிக்கப்பட்டது, உயிரும் பறிக்கப்பட்டது. மதம் ஒன்றே தம்மைக் காக்கும் என்று நம்பியவருக்குக் கிடைத்த கூலி இது. பொருளாசை கொண்டவன் கலிமாவையும் கேட்பதில்லை என்பதை இக்கடற்கரை அன்றே கண்டுகொண்டது.

எழுதியவர் எவர்?

இங்கே ஒரு வினா எழும். நாம் இதுகாறும் எடுத்துக்காட்டிய செய்திகள் யாவும் எங்கிருந்து கிடைத்தன? வெனிசு வணிகர் ஒருவர். பாரசீகத்திலிருந்து எழுதிய வஸ்ஸாஃப். தில்லி அரசவையின் குஸ்ரு. நிகழ்ச்சி நடந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1357ஆம் ஆண்டளவில் எழுதிய பரனீ. இவருள் ஒருவரேனும் காயலில் பிறந்தவர் அல்லர். மதுரையில் வளர்ந்தவர் அல்லர். வென்றோர் கணக்குகளும் தம்முள் ஒவ்வா. 1311ஆம் ஆண்டில் தில்லிக்குக் கொண்டு செல்லப்பட்ட யானைகள் 512, குதிரைகள் 5,000 என்கிறார் குஸ்ரு. யானைகள் 612, குதிரைகள் 20,000, பொன் 96,000 மணங்கு என்கிறார் பரனீ. ஒரு தலைமுறைக்குள் குதிரைகள் நான்கு மடங்கு பெருகிவிட்டன! வென்றவன் நாவில் வெற்றி வளர்ந்துகொண்டே போகும். தோற்றவன் நாவிலோ சொல் அடங்கிப் போகும்.

1335ஆம் ஆண்டில் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா தில்லியின் பிடியிலிருந்து விலகி மதுரையில் சுல்தானாக முடி சூடினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நிலவிய அவ்வாட்சியை, 1371ஆம் ஆண்டளவில் விஜயநகரத்துக் குமார கம்பணர் முறியடித்தார். அவ்வெற்றியை அவர்தம் தேவியாகிய கங்காதேவி வடமொழியில் மதுரா விஜயம் எனக் காவியமாக்கினார். ஆக, இந்த அறுபது ஆண்டு வரலாற்றுக்குக் கிடைத்த பெருஞ்சான்றுகள் இரண்டு தரப்பின: ஒன்று தில்லியின் வெற்றிக்கணக்கு, மற்றொன்று விஜயநகரத்தின் வெற்றிக்காவியம். இரண்டும் தமிழில் இல்லை. இரண்டிலும் தமிழ்ப் பாண்டியன் மையமாக இல்லை. காயலின் வணிகன் இல்லை. முத்துக் குளித்தவன் இல்லை. பாண்டியன் படையில் நின்றவன் இல்லை. இம்மண்ணின் இந்துவும் முஸ்லிமும் ஒருசேரத் தோற்றனர். அத்தோல்வியை எழுத ஒருசேர ஆளின்றிப் போயினர்.

இரு வகை மறதி

வரலாற்றுச் சான்று குன்றிய இடத்தைக் கற்பனை வந்து நிரப்பும். நம் நாட்டிலும் அவ்வாறே நிரப்பிற்று. பிற சமயத்தாருட் சிலர், 1311ஆம் ஆண்டின் அழிவை இரு மதங்களின் போராகவே எண்ணினர். அதற்குமுன் நடந்த அண்ணன் தம்பி போரை மறந்தனர். வழிகாட்டிச் சென்றவன் போசள வல்லாளன் என்பதையும் மறந்தனர். இது ஒரு வகை மறதி.

மற்றொரு வகை மறதி நம்மிடையே உள்ளது. அதனை மறைப்பதால் பயனில்லை. மதுரையை முஸ்லிம்கள் ஆண்டார்கள் என்று மேடைகளில் மார்தட்டிப் பேசுவோர் நம்முள்ளும் உளர். அவ்வாட்சி எத்தகையது என்பதற்கு நேரில் கண்ட சான்று இப்னு பதூதா. மதுரைச் சுல்தான் கியாஸுத்தீனும் அவரும் உடன்பிறந்த மகளிர் இருவரை மணந்தவர்கள். அவ்வுறவு இருந்தும், பிடிபட்ட ஊர் மக்களை, பெண்டிரையும் பிள்ளைகளையும்கூட, அச்சுல்தான் கொன்ற முறையை அவர் மறைக்கவில்லை. வேறெந்த மன்னனிடமும் தாம் காணாத இழிசெயல் என அதனைக் கண்டித்து, அதனாலேயே இறைவன் அவனுடைய சாவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதினார். அதே இப்னு பதூதா, அச்சுல்தானை எதிர்த்துப் போரிட்ட வல்லாளனின் படையில் 20,000 முஸ்லிம்கள் இருந்தனர் என்றும் குறிக்கிறார். படைகள் மதத்தால் பிரிந்து நிற்கவில்லை என்பதற்கு இஃதொன்றே போதும்.

நீதிக்குச் சான்று பகரும்பொழுது சொந்தபந்தம் பார்த்தல் ஆகாது என்பது திருமறையின் கட்டளை. இப்னு பதூதா அக்கட்டளையின்படி நடந்தார். கோயில்கள் கொள்ளையுண்டதை மறுப்பதோ, குறைத்துக் காட்டுவதோ நம் வேலை அன்று. அக்கொடுமையை நம் சமயத்தின் பெயரால் பெருமையாக ஏற்பதும் நம் வேலை அன்று. கொள்ளையுண்ட நாடு எதுவோ, அதுவே நம் நாடு. கொள்ளையுண்ட கடற்கரை எதுவோ, அதுவே நம் கடற்கரை.

"முன்னோரை நம் வசதிக்கேற்பத் தேர்ந்தெடுக்கலாமா?" என்று ஆய்வாளர் சிலர் வினவலாம். தக்க வினாவே. நாம் கூறுவது குருதி வழி உறவைப் பற்றியதன்று. அதற்குச் சான்று காட்ட எவராலும் இயலாது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இக்கரையில் தமிழ் பேசி, பாண்டியனுக்குக் கடமையிறுத்து, கப்பல் விட்டு, தொழுது வாழ்ந்த முஸ்லிம் மக்கள் இருந்தனர் என்பதற்குப் பகைவர் தரும் சான்றே உண்டு. அச்சான்றைப் பாடநூலிலும் மேடையிலும் எடுத்துரைக்காது விட்டமை பற்றியே நம் முறையீடு.

அண்மைக் காலச் சான்றுகள்

தோற்றவர் நினைவு பேணப்படாவிடின் என்னவாகும் என்பதை அறிய எழுநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டுவதில்லை. இக்கடற்கரையிலிருந்து ஒரு பகலில் கலம் சென்றடையக்கூடிய ஈழத்தில், 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் உள்நாட்டுப் போர் முடிவுற்றது. 1981ஆம் ஆண்டு சூன் மாதத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் சாம்பலாயின. ஓர் இனத்தின் நினைவை அழிக்க நினைப்போர் முதலில் ஏட்டையே எரிப்பர் என்பதை அது காட்டிற்று.

அதே ஈழத்தில் தோற்றோருக்குள்ளும் தோற்றோர் உண்டு. 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரமே. தாய்மொழியாகத் தமிழையே பேசிய அம்மக்கள், தமிழர் வரலாற்றிலும் இடம்பெறாமல், அரசின் வரலாற்றிலும் இடம்பெறாமல் புத்தளத்து முகாம்களில் நெடுங்காலம் கழித்தனர். முள்ளிவாய்க்காலுக்காக அழும் கண்கள் இவர்களுக்காகவும் அழுதால்தான் அந்நினைவு முழுமை பெறும். இவர்களுக்காக அழும் நம் கண்கள் முள்ளிவாய்க்காலுக்காகவும் அழுதால்தான் நம் நினைவு நேர்மை பெறும். வீரபாண்டியன் தோற்றபோது அவன் கீழிருந்த முஸ்லிம்கள் எந்த ஏட்டிலும் இடம்பெறாது போனார்கள் அல்லவா? அந்நிலை இவர்களுக்கும் நேரலாகாது.

ஸ்பெயின் நாட்டில் 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பு தோற்றது. கொல்லப்பட்டுப் பெயரின்றிப் புதைக்கப்பட்டோர் பல்லாயிரவர். கவிஞர் லோர்காவும் 1936ஆம் ஆண்டில் கொல்லப்பட்டவரே. அவர் உடல் இன்றளவும் கண்டெடுக்கப்படவில்லை. வென்றோர் நினைவிடம் மலைமேல் ஓங்கி நிற்க, தோற்றோர் நினைவு வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் மட்டும் வாழ்ந்தது. அந்நாடு 2007ஆம் ஆண்டில் தோற்றோர் நினைவைப் பேணச் சட்டம் இயற்றியது. அதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆயின. வீட்டார் நினைவு வைத்திருந்தமையால்தான் நாடும் பின்னர் நினைத்தது என்பது இங்கு நாம் கொள்ளத்தக்க பாடம்.

தோல்விக்குப்பின் தமிழ்

தோற்ற பாண்டியர் என்ன ஆயினர் என்பதையும் நினைத்தல் நலம். மதுரையை இழந்த அக்குடியினர் தென்பாண்டி நாட்டிற்கு ஒதுங்கினர். தென்காசியைத் தலைநகராகக் கொண்டனர். அரிகேசரி பராக்கிரம பாண்டியன் அங்கே 1446ஆம் ஆண்டில் கோயில் எழுப்பத் தொடங்கினான். அவ்வழியில் வந்த அதிவீரராம பாண்டியர் நைடதமும் வெற்றிவேற்கையும் இயற்றினார். பேரரசை இழந்தோர் தமிழை இழக்கவில்லை. நாம் தொடக்கப்பள்ளியில் ஓதிய நீதிமொழிகள் பல, தோற்ற குடி ஒன்று நமக்குத் தந்த செல்வம் என்பதை மாணவர் அறிதல் வேண்டும்.

முஸ்லிம் தமிழ் இலக்கியத்திலும் இத்தகைய இழப்பு உண்டு. நமக்குக் கிடைத்த முஸ்லிம் தமிழ் நூல்களுள் பழமையானதாகக் கருதப்படும் பல்சந்தமாலையில் சில பாடல்களே எஞ்சின. அவையும் பிறிதொரு நூலின் உரையாசிரியர் மேற்கோள் காட்டியமையால் பிழைத்தன. அந்நூலின் பிற பாடல்களும், அக்காலத்தில் எழுந்திருக்கக்கூடிய பிற நூல்களும் கடல்கொண்டவை போல மறைந்தன. ஆகவே நம் முன்னோர் ஒன்றும் எழுதவில்லை என்று முடிவு கட்டுதல் தவறு. எழுதியவை நம்மை வந்தடையவில்லை என்பதே உண்மைக்கு அணுக்கமானது.

செய்யத் தக்கன

முறையீடு மட்டும் போதாது. தமிழ்த்துறை மாணவர் செய்யத் தக்க பணிகள் சில உள.

ஆறுமுகநேரி தொடங்கி, காயல்பட்டினம், ஆத்தூர், புன்னைக்காயல், பழையகாயல், கொற்கை ஆகிய ஊர்களை ஒரே வட்டமாகக் கொண்டு, அங்குள்ள பள்ளிவாசல், கோயில், மாதாகோயில் அனைத்தின் கல்வெட்டுகளையும் படியெடுத்தல் முதற்பணி. இவற்றுள் ஒன்றை மட்டும் பார்ப்பவன் ஒரு கண்ணால் பார்ப்பவன் ஆவான். மையவாடிகளில் மண்ணில் புதைந்து கிடக்கும் பழைய மீசான் கற்களைப் படம் எடுத்து, அவற்றில் உள்ள ஹிஜ்ரி ஆண்டைப் பொது ஆண்டாக மாற்றிப் பட்டியலிடுதல் இரண்டாவது பணி. பராமரிப்பு என்ற பெயரால் பழைய கல்லைப் பெயர்த்துப் பளிங்கு பதிக்கும் ஜமாஅத்தார், அதற்குமுன் அக்கல்லின் எழுத்தைப் படியெடுக்க இடம் தருவாராக. வீட்டுப் பரண்களில் கிடக்கும் அரபுத்தமிழ் ஏடுகளையும், கப்பல் கணக்குகளையும், பழைய பத்திரங்களையும் கறையான் தின்னுமுன் நகலெடுத்தல் மூன்றாவது பணி. நூல் வீட்டாரிடமே இருக்கட்டும். நகல் நூலகத்தில் இருக்கட்டும்.

நான்காவது பணி செவிக்குரியது. உப்பளத் தொழிலாளர், மீனவர், பனையேறிகள், மரக்காயர் குடும்பத்து மூதாட்டியர் ஆகியோர் சொல்லும் இடப்பெயர்களையும் கதைகளையும் கேட்டபடியே எழுதிக்கொள்ளுதல் வேண்டும். அவை வரலாறா, கதையா என்பதைப் பின்னர் ஆராயலாம். சொல்வோர் மறைந்தபின் ஆராய ஒன்றும் இராது. ஆய்வுக்குத் தலைப்புத் தேடி வரும் மாணவர், பலர் நடந்து தேய்ந்த தடத்திலேயே நடவாது, தம் தெருவில் கிடக்கும் பொருளை எடுத்துக்கொள்வாராக. தூத்துக்குடி தனி மாவட்டமாகி 1986ஆம் ஆண்டிலிருந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. அம்மாவட்டத்தின் ஊர் வரலாறுகளைத் தொகுக்க நம் கல்லூரியினும் அண்மையில் இருப்போர் எவர்?

ஐந்தாவது பணி ஆசிரியர்க்குரியது. 1311ஆம் ஆண்டைப் பாடமாக நடத்தும்பொழுது, 1310ஆம் ஆண்டையும் சேர்த்து நடத்துங்கள். மாலிக் கபூரைச் சொல்லும் நாவால் தகியுத்தீனையும் சொல்லுங்கள். வீரபாண்டியனின் குடிகளாக வாளின்முன் நின்ற முஸ்லிம்களையும், நம்பித் தங்கிக் கொலையுண்ட வணிகரையும் சொல்லுங்கள். அப்பொழுது வகுப்பில் எந்த மாணவனும் மற்றொருவனைத் திரும்பிப் பார்க்கத் தேவை இராது. இருவரும் ஒரே பக்கத்தில் தோற்றவர்களின் வழி வந்தோர் என்பதை இருவருமே உணர்வர்.

வென்றவர்களுக்கு அரண்மனைகளும் ஆவணங்களும் உண்டு. தோற்றவர்களுக்கு நாம்தாம் உண்டு. கோவூர் கிழார் உறையூரில் சொன்னதைக் காயலில் சொல்ல அன்று ஒரு புலவர் வாய்க்கவில்லை. அப்பணி ஏழு நூற்றாண்டு காலம் காத்துக் கிடக்கிறது. இறைவன் நாடினால், அதனை நிறைவேற்றுவோர் இக்கல்லூரியின் தமிழ் வகுப்பிலிருந்தே எழுவர் என்று நம்புகிறோம்.